சித்தி பெயரில் ஓடிய கோடு

உட்கார்ந்த இடத்தில் இருக்க என்னால் முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கொச்சியில் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் ஒரு மசாலா ஏற்றுமதிக் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தபோது, "நாள் பூரா நாற்காலியில இருக்கணுமேடி, ஒனக்கு அது சரிப்பட்டு வருமா?" என்று அம்மா கேட்டாள். வந்தது. அந்த வேலையில் நாற்காலிக்கு வேலையே இல்லை. மேலே ஆபீஸ், கீழே கோடௌன், நடுவில் முற்றம், முற்றத்துக்கு அந்தப் பக்கம் பாக்கிங் அறை. எங்கே நெட் போனாலும் "மோளே!" என்று, நம் 'மகளே' போல, ஒரு கூப்பாடு வரும். ஏணியும் கையுமாக ஓடுவேன். தும்மிக்கொண்டே ஓடுவேன் என்பதுதான் சரி. சுக்குத் தூசிக்கும் மிளகுத் தூசிக்கும் நடுவில் இத்தனை வருஷம் வேலை பார்த்தும் என் மூக்கு இன்னும் பழகவில்லை.

போன மழைக்காலம் முடிந்ததும் ஆபீஸில் ஒரு தலைவலி ஆரம்பித்தது. கப்பலில் சரக்கு ஏற்றும் முன்னால் காகிதங்களையெல்லாம் ஏஜென்டின் வெப்சைட்டில் ஏற்ற வேண்டும். அது பாதி வரை போகும், நிற்கும். மறுபடி முதலிலிருந்து. நெட் வந்துகொண்டுதான் இருக்கிறது, எல்லாப் பக்கமும் திறக்கிறது, ஆனால் இங்கிருந்து எதையாவது அனுப்பினால் மட்டும் ஆமை மாதிரி நகர்கிறது. ஒரு தடவை சரக்கு துறைமுகக் கேட்டுக்கு வெளியே லாரியில் நிற்க, காகிதம் மட்டும் மேலே திரையில் சுற்றிக்கொண்டே இருந்தது. கப்பலைப் பிடித்துவிட்டோம், ஆனால் முதலாளியின் ரத்தக் கொதிப்பும் கூடவே ஏறியது.

முதலாளி என்னோடு பேசும்போது மலையாளத்தையே தமிழ் என்று நினைத்துப் பேசுவார். அன்றைக்கும் அப்படித்தான்.

"நெட்டு ஏதோ தின்னுந்து. அது என்னன்னு கண்டுபிடி. இந்த மாசம் தீரணதுக்கு முன்னே வேணும். இல்லேங்கில் எர்ணாகுளத்துல ஒரு கம்பெனிக்காரங்க இருக்காங்க, காண்ட்ராக்ட் கொடுத்தா எல்லாம் அவங்களே நோக்கிக்கும். பின்னே நீ வேண்டாமல்லோ."

"கண்டுபிடிக்கறதுக்கு சாப்ட்வேர் வேணும் சார். பழசுக்கு லைசென்ஸ் தீர்ந்துபோச்சு."

"அதொக்கே ப்ரீயா கிட்டும். என் மருமகன் பறஞ்சான்."

எல்லா முதலாளிகளுக்கும் எல்லாம் தெரிந்த ஒரு மருமகன் இருக்கிறான். எங்கிருந்துதான் பிடிக்கிறார்களோ!

அந்த மருமகன் சொன்ன 'ப்ரீ'யைத் தேடி நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நெட்வொர்க்கைக் கண்காணிக்க இலவச மென்பொருள் என்று தேடினால் மழைக்கு முளைத்த காளான் போல வந்து விழுகிறது. திறந்து பார்த்தால் ஒன்று ஒரு மாசத்துக்கு மட்டும் இலவசம். இன்னொன்று நாலைந்து கருவிகளுக்கு மட்டும் இலவசம், அதற்கு மேல் ஒன்று சேர்த்தாலும் கைநீட்டும். வேறொன்று நிஜமாகவே இலவசம், ஆனால் இறக்குவதற்கு முன் போன் நம்பரைக் கொடு என்றது. புத்தி கெட்டுக் கொடுத்தேன். அடுத்த நிமிஷம் தேன் ஒழுகும் குரலில் ஒருவன் கூப்பிட்டான். "மேடம், உங்க கம்பெனியில எத்தனை சர்வர் இருக்கு?" என்றான். "ஒண்ணு இருக்கு தம்பி, அதுவும் இப்போ தும்முது" என்று சொல்லி வைத்தேன். அவன் விடவில்லை. பஸ்ஸில் வரும்போது, மீன் வாங்கும்போது, குளிக்கப் போகும்போது. அட, என் மாமியார்கூட என்னை இத்தனை அக்கறையாக விசாரித்ததில்லை.

கடைசியில் கட்டற்ற மென்பொருள்காரர்களின் கூட்டம் ஒன்றில் போய் விழுந்தேன். உலகத்தில் எங்கெங்கோ உட்கார்ந்து தங்கள் வேலைக்காக எழுதியதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருப்பவர்கள். அவர்களுடைய இணைய மன்றத்தில் கேள்வி கேட்டால் பதில் வரும், கூடவே கொஞ்சம் திட்டும் வரும். "முதலில் கையேட்டைப் படி" என்று ஒருவன் எழுதியிருந்தான். படித்தேன். ஒரு வாரம் அதையே படித்தேன், பாதி புரியவில்லை. பரணில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, அதில் லினக்ஸ் போட்டு, அதன் மேல் அவர்களுடைய கண்காணிப்புக் கருவியை ஏற்றினேன். ஏற்றும்போது வந்த சிவப்பு எழுத்தையெல்லாம் மன்றத்தில் போட்டு மறுபடி திட்டு வாங்கினேன்.

முதல் ஸ்கேன் நடுப்பகலில் ஓட்டினேன். பொறுத்திருந்து சாயங்காலம் ஓட்டியிருக்கலாம், ஆனால் எனக்கு ஏது பொறுமை! அந்தக் கருவி என்ன செய்யும் என்றால், நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொன்றின் கதவையும் தட்டி, 'யார் நீ, உள்ளே என்ன இருக்கிறது' என்று கேட்கும். பாக்கிங் அறையில் இருந்த லேபிள் பிரின்டர் தன் கதவைத் தட்டிய தட்டலையே அச்சடிக்கச் சொன்ன ஆணையாக எடுத்துக்கொண்டுவிட்டது. ஏலக்காய் என்றும் சுக்கு என்றும் அடிக்க வேண்டிய ஸ்டிக்கரில் புரியாத குறிகளாக அடித்துத் தள்ளியது. பாக்கிங் சேச்சி ஸ்டிக்கர் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படியேறி வந்து, "இது எந்து பாஷையா மோளே, தமிழா?" என்று கேட்டாள். ஆபீஸே சிரித்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பிரின்டரை விட்டுவிடச் சொல்லிக் கருவிக்குப் புத்தி சொல்லி, மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை படம் வந்தது. ரூட்டரிலிருந்து கிளை கிளையாகப் பிரிந்து, எங்கள் கம்பெனி முழுவதும் திரையில் விரிந்தது. எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர்கள், பிரின்டர், எடை மெஷின், கேமராக்கள். அதோடு எனக்குத் தெரியாத ஒரு கும்பல். எல்லாம் போன்கள். எல்லாம் கீழே, கோடௌன் பக்கத்து வைஃபையில்.

யாருடையது என்று யோசிக்கத் தேவையில்லை. முற்றத்தில் உட்கார்ந்து சுக்கு தரம் பிரிக்கிற பெண்கள் அங்கேதான் இருக்கிறார்கள். கோடௌன் சூப்பர்வைசர் சேட்டன் நல்ல மனுஷன். ஒருத்திக்கு வைஃபை போட்டுக் கொடுத்திருப்பார், அவள் பக்கத்தில் இருப்பவளுக்குக் காட்டியிருப்பாள், வெற்றிலை கைமாறுவது போலக் கைமாறியிருக்கும். அதில் ஒன்றும் பெரிய தப்பாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் திரையில் அவை நீளநீள எண்களாக மட்டும் இருந்தன. எந்த எண் யாருடையது என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. படத்தில் பெயரில்லாமல் ஒரு புள்ளி இருந்தாலும் எனக்குக் கண்ணில் தூசி விழுந்த மாதிரிதான்.

அதனால் சாயா குடிக்கிற சாக்கில் முற்றத்துக்குப் போனேன். ஒருத்தியிடம் போனைக் காட்டச் சொல்லி, இன்னொருத்தியிடம் ஒரு வீடியோ போடச் சொல்லி, மேலே போய் எந்தப் புள்ளி துடிக்கிறது என்று பார்த்தேன். இப்படியே ஒவ்வொன்றாகப் பெயர் எழுதினேன். பெயர் என்றால் பெற்றவர்கள் வைத்த பெயரா? எங்கள் கோடௌனில் யாரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இருபது வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் சொந்தப் பெயர் தெரியாது. முஸ்லிம் வீட்டுப் பெண் என்றால் இத்தா, மலையாளத்துக்காரி சேச்சி, நம்ம தமிழ் ஆட்கள் அக்கா. அப்படியே போட்டேன். கேட்டடி அக்கா, கண்ணாடி சேச்சி, பீடி இத்தா. ஒன்றுக்கு மட்டும் 'சித்தி' என்று போட்டேன். அவள் என் அம்மாவின் தங்கை. சித்தியை நான் வேறு எப்படி எழுதுவது?

எழுதி முடித்ததும்தான் பார்த்தேன். நெட்டைத் தின்பது யார் என்று தெரிந்துவிட்டது.

மற்றவர்களின் கோடுகள் சாயா நேரத்தில் எழும்பும், அடங்கும். சித்தியின் கோடு அப்படி இல்லை. காலையில் அவள் வந்து உட்கார்ந்ததும் எழும்பியது, சாயங்காலம் வரை இறங்கவே இல்லை. தடியாக, ஒரே சீராக, ஓடிக்கொண்டே இருந்தது. ஆபீஸிலிருந்து வெளியே போகிற சிறிய வழியில் பாதிக்கு மேல் அவள் ஒருத்தி அடைத்துக்கொண்டு நின்றாள்.

படியில் தடதடவென்று இறங்கிப் போனேன். சண்டை போடத்தான் போனேன், மறைப்பானேன். சித்தி முறத்தில் சுக்கைப் புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு சாக்கு மூட்டை. அதில் சாய்த்து வைத்த போன். போனுக்குள் சித்தப்பா.

சித்தப்பா கார்ப்பரேஷனில் குப்பை வண்டி ஓட்டி ரிட்டையர் ஆனவர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. தோப்பும்படியில் வீடு. மகன் தேவராவில் ஒரு வொர்க்ஷாப்புக்குக் காலையில் போனால் ராத்திரிதான் வருவான். பகலில் சித்தப்பா தனியாகத்தான் கிடக்க வேண்டும் என்பதும், பக்கத்து வீட்டு அக்கா மத்தியானம் வந்து கஞ்சி கொடுக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இப்படி ஒரு ஏற்பாடு இருப்பது தெரியாது. ஆஸ்பத்திரியில் பெரிய மெஷின் வைத்து நோயாளியைப் பார்ப்பார்களே, அதை இவள் ஒரு சாக்கு மூட்டையையும் போனையும் வைத்துச் செய்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். சண்டை எங்கே போயிற்றோ.

"நாள் பூரா இப்படியா சித்தி?"

"பின்னே? அவரு தனியால்ல கெடக்காரு" என்றாள், கை முறத்தை விடாமல். "ஏன்டி, நெட்டுக்கு ஏதும் கேடு உண்டோ?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். முதலாளியிடம் இப்போதைக்கு மூச்சு விடக்கூடாது, வேறு வழி ஏதாவது கிடைக்கும், மாசம் முடிய இன்னும் நாள் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் கெட்ட நேரம், மறுநாளே முதலாளி மருமகனோடு வந்து நின்றார். "காட்டு, என்ன கண்டுபிடிச்சே?" என்றார். எனக்கும் பெருமை இருக்காதா? இத்தனை பாடுபட்டுச் செய்தது, பைசா செலவில்லாமல் செய்தது. ஹாலில் இருந்த பெரிய டிவியில் படத்தைப் போட்டேன். மருமகன் வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்தான். அந்தக் கணம் எனக்கு இனித்தது. அடுத்த கணம் முதலாளி எழுந்து டிவி பக்கத்தில் போய், எல்லாவற்றிலும் தடியான கோட்டின் மேல் விரலை வைத்தார். அவருக்குத் தமிழ் எழுத்து வராது. மருமகன் சென்னையில் படித்தவன். எழுத்துக் கூட்டி வாசித்தான்.

"சித்தி."



"யாரோட சித்தி?" என்றார் முதலாளி.

கம்ப்யூட்டர் வேலை தெரிந்த வேறு யாராக இருந்தாலும் ஒரு எண்ணைப் போட்டிருப்பார்கள். பதினேழாம் போன், பதினெட்டாம் போன் என்று போட்டிருந்தால் யாருக்கு என்ன தெரியப் போகிறது? நான் உறவுமுறை எழுதி வைத்தேன். என் கையாலேயே எழுதி, என் கையாலேயே டிவியில் போட்டுக் காட்டினேன்.

"என்னோடதுதான் சார்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். சித்தப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டார். கேட்டுவிட்டு, "பாவம்தான்" என்றார். அதற்கப்புறம், "எல்லா போனும் இப்போ கட் பண்ணு. நான் பாக்க" என்றார்.

அவர் பார்க்க வெட்டினேன். புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாயின. காகிதம் ஏற்றுகிற பையன் ஒரு பைலைப் போட்டுப் பார்த்தான், சர்ரென்று போயிற்று. முதலாளி என் தோளைத் தட்டி, "எர்ணாகுளத்துக்காரனுக்கு இனி சொல்லண்டா" என்றார். வேலை பிழைத்தது. சந்தோஷம் வரவில்லை.

முற்றத்தில் நல்ல வரவேற்பு கிடைத்தது. "பேரெழுதி வச்சுக் காட்டிக்கொடுத்தியே மோளே, நல்லாயிரு" என்று பீடி இத்தா முகத்தில் அடித்தாற்போலச் சொன்னாள். சித்தி மட்டும் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவள் முறத்தையும் சாக்கையும் இழுத்துக்கொண்டு கேட்டுப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அந்தத் தடிச் சுவர்களுக்குள் அங்கே மட்டும்தான் மொபைல் சிக்னல் வரும். அங்கே நிழல் கிடையாது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போனைச் சாய்த்து வைத்தாள். அவளுக்கு ஒரு நாளைக்குக் கிடைக்கிற டேட்டா மத்தியானத்துக்கு முன்னாலேயே தீர்ந்துவிடும். தீர்ந்ததும் கறுத்துப்போன போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலை செய்வாள். நிமிஷத்துக்கொரு தரம் அதை எடுத்துப் பார்ப்பாள்.

மேலே இருந்து ஜன்னல் வழியாக அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு வேலை ஓடவில்லை. திரையில் படம் சுத்தமாக, அழகாக இருந்தது. அந்த அழகைப் பார்த்தால் எரிச்சலாக வந்தது. என்ன செய்யலாம், என்ன செய்யலாம் என்று ஹாலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. அடைபடுவது வெளியே போகிற வழி மட்டும்தான். உள்ளே வருகிற வழி அகலமானது, பாதி காலியாகத்தான் கிடக்கிறது. சித்தப்பாவின் படம் உள்ளேதானே வர வேண்டும்? என் கம்ப்யூட்டரில் அழைப்பை வாங்கிக்கொண்டு, என் பக்கத்துக் கேமராவை மூடிவிட்டால் வெளியே போவதற்கு ஒன்றுமே இல்லை. எப்படியும் நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிறேன், அவரையும் பார்த்துக்கொள்கிறேன். ஏதாவது என்றால் சித்தியைக் கூப்பிடப் படியிறங்கினால் போதும். அடடா, என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

சித்தியிடம் சொன்னபோது அவள் கொஞ்சம் தயங்கினாள். "நீ பாத்துக்குவியா? அவரு..." என்று இழுத்தாள்.

"நான் பாக்காம? ஒன்னவிட நல்லாப் பாப்பேன். நீ நெழலுக்குப் போ மொதல்ல."

அடுத்த நாள் காலையில் தம்பி, அதாவது சித்தியின் மகன், வேலைக்குப் போகும் முன் போனைக் கட்டிலுக்கு எதிரே நிறுத்தி என்னைக் கூப்பிட்டான். என் திரையின் மூலையில் சித்தப்பா வந்தார். தலையணையில் சாய்ந்து, வெள்ளைத் தாடியோடு, நேராக என்னைப் பார்த்தார். அதாவது போனைப் பார்த்தார். நான் வேலையைத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். இடது கையைத் தூக்கி ஆட்டினார். தண்ணீர் வேண்டுமோ என்று பார்த்தேன், பக்கத்திலேயே இருந்தது. கையைக் கட்டிலில் அடிக்க ஆரம்பித்தார். மெதுவாக, பிறகு வேகமாக.

"சித்தப்பா! நான்தான், பெரியவ பொண்ணு. என்ன வேணும்?" என்று மைக்கில் சொன்னேன்.

சொல்லியிருக்கவே கூடாது. குரல் எங்கிருந்து வருகிறது என்று அவர் கண்கள் அறை முழுக்கத் தேடின. கதவைப் பார்த்தார், உத்தரத்தைப் பார்த்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அவர் போர்வையைத் தள்ளினார். நல்ல காலைத் தரையில் இறக்கினார். எழுந்திருக்கப் பார்க்கிறார்!

"ஐயோ சித்தீ!" என்று கத்திக்கொண்டே படியிறங்கி ஓடினேன். ஒரு செருப்பு மாடியிலேயே நின்றுவிட்டது.

சித்தி என் முகத்தைப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. முறத்தைப் போட்டாள், சுக்கு முற்றம் முழுக்கச் சிதறியது. கேட்டுப் பக்கம் ஓடி, போனை எடுத்து, தானே கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டால் வீட்டுப் போன் தானாக எடுத்துக்கொள்ளும்படி தம்பி செய்துவைத்திருந்தான். முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். படம் வந்ததும் பெரிதாகச் சிரித்தாள்.

"இதோ இருக்கேன். இங்கதான் இருக்கேன். எங்க போவேன்? காலை மேல எடுங்க. எடுங்கன்னா. ஆங், அப்படி. இதோ பாருங்க, சுக்கு. பொறுக்கறேன் பாருங்க."

கீழே கிடந்த நாலு சுக்குத் துண்டை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். போனில் சித்தப்பாவின் மூச்சு இரைந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. காலை எப்படியோ இழுத்து மேலே போட்டுக்கொண்டார். தலையணையில் சாய்ந்தார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான் போன் செய்தேன், அவளும் வந்து பார்த்தாள்.

அதற்கப்புறம்தான் சித்தி என் பக்கம் திரும்பினாள்.

"நான் அவரப் பாக்கறதுக்குன்னா நெனச்சே? அவருக்கு என்னப் பாக்கணும்டி. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்ப யாருமில்லாம கெடந்தாருல்ல, அன்னைலேந்து என்னக் காணலைன்னா பதறிடுவாரு. ஒரு தடவை எழுந்து விழுந்து, நெத்தி பொளந்துபோச்சு. இந்த நாளெல்லாம் டேட்டா தீந்தா பக்கத்து வீட்டு அக்காதான் வந்து கூட இருந்தா. இதுல நான் வேலை செய்யறதப் பாத்துக்கிட்டே கெடப்பாரு. ஒண்ணும் வேண்டாம் அவருக்கு. சோறுகூட வேண்டாம்."

வெளியே போகிற வழிதான் அடைக்கிறது, உள்ளே வருவது அல்ல என்று அந்தக் கருவி முதல் நாளிலிருந்து எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு நேராகக் காட்டியது. அனுப்பிக்கொண்டிருப்பவள் சித்தி என்று பார்த்தேன், எதை அனுப்புகிறாள், யாருக்கு அனுப்புகிறாள் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. அழுகை வந்தது. ஒற்றைச் செருப்போடு நின்று அழுதேன். பீடி இத்தா வந்து ஒன்றும் பேசாமல் சிதறின சுக்கைக் கூட்டினாள்.

மேலே போய் அந்த மன்றத்தில் எழுதினேன். ஒரே ஒரு போன், வீடியோ அழைப்பு, நாள் முழுக்க ஓட வேண்டும், ஆபீஸின் காகிதம் எதுவும் தடைபடக் கூடாது, செலவு செய்ய முடியாது, என்ன வழி? முதல் பதில் உடனே வந்தது. 'அந்தப் போனை வெட்டிவிடு, பிரச்சினை தீர்ந்தது' என்று எவனோ ஒருவன். அவன் சொன்னதில் தப்பில்லை, நானும் அதைத்தானே செய்தேன். ஆனாலும் அந்த நிமிஷம் அவன் எதிரே இருந்திருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். சாப்பிடப் போகவில்லை. பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் வேறொருவர் நீளமாக எழுதியிருந்தார். ரூட்டருக்கு முன்னால் வைக்கிற இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறதாம், என்னிடம் இருக்கிற பழைய கம்ப்யூட்டரிலேயே ஓடுமாம். வழியைப் பங்கு போடலாம். காகிதம் போகும்போது அதற்கு முதல் இடம், அந்தப் போனுக்கு எப்போதும் ஒரு நூலளவு இடம். நூல் சிறியது, ஆனால் அறுந்துபோகாது. என்ன எழுத வேண்டும், எந்த வரியில் எழுத வேண்டும் என்றும் கொடுத்திருந்தார். யாரென்று எனக்குத் தெரியாது. எதற்காக என்றுகூட அவர் கேட்கவில்லை. நன்றாக இருக்கட்டும் அந்த மனுஷன்.

முதலாளிக்குத் தெரியாமல் செய்திருக்கலாம். செய்தால் என்றைக்காவது டிவியில் அது தெரியும், அன்றைக்குச் சித்தியும் போவாள். அதனால் நேரே அவர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"சித்தி போன் மட்டும் திரும்பப் போடறேன் சார். காகிதம் போறதுக்கு ஒரு தடையும் வராது, நான் வழி பண்ணிட்டேன்."

"உன் சித்தப்பன் நம்ம கம்பெனியில வேலை செஞ்சவனா?"

"இல்ல. கார்ப்பரேஷன்ல."

"பின்னே?"

"சித்தி நம்ம கம்பெனியிலதான் வேலை செய்யறா" என்றேன். "போன் இல்லேன்னா அவ நாளையிலேந்து வரமாட்டா. வராம வீட்டுல இருந்தா ரெண்டு பேருக்கும் கஞ்சி கெடையாது. ஒரு காகிதம் லேட்டாச்சுன்னா நீங்க சொல்ல வேண்டாம், நானே போயிடறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு தடவை லேட்டாயால், ரெண்டு பேரும்" என்று சொல்லிக் கேட்டுப் பக்கம் கை காட்டினார். அவ்வளவுதான். மற்ற போன்களைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இத்தாக்களுக்கும் சேச்சிகளுக்கும் வைஃபை இன்றுவரை இல்லை. அதில் அவர்களுக்குக் கோபம் உண்டு, நியாயமான கோபம்தான்.

புது ஏற்பாட்டை ஓடவிட்ட காலையில் கீழே போய்ச் சித்தி பக்கத்தில் உட்கார்ந்தேன். போனைச் சாக்கில் சாய்த்து வைத்துக் கூப்பிட்டாள். சித்தப்பா வந்தார். ஆபீஸ் பையன் மேலேயிருந்து, "போகுது, போகுது, காகிதம் போகுது!" என்று கத்தினான். அதே சமயம் இங்கே சித்தியின் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. அவருக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்க அதே அழைப்பில் சேர்த்திருந்த என் போனில் அவளுக்குக் கண் இல்லை, மூக்கு இல்லை, ஒரு பழுப்புச் சேலையும் ஒரு முறமும் மட்டும் இருந்தன. இதற்கா இத்தனை பாடு?

"சித்தி, காகிதம் போகும்போதெல்லாம் இப்படித்தான் ஆகும். அவருக்கு ஒன் மொகமே தெரியாது. மங்கலா ஒரு உருவம்தான் தெரியும். இதுக்கு மேல என்னால முடியல."

சித்தி போனைப் பார்த்தாள். அந்தப் பக்கம் சித்தப்பா தலையணையில் சாய்ந்து, கண்கொட்டாமல் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தாள்.

"மொகம் எதுக்குடி? அத எத்தனையோ வருஷமாப் பாத்தாச்சு. நான் அசையறது தெரிஞ்சாப் போதும் அவருக்கு."